கையில வெண்ணெய், சீசாவுல வாசனை

ஏம்மா தாயி, இப்புடி வந்து திண்ணையில ஒக்காரு. கேக்குத் தட்டு அங்கயே இருக்கட்டும், ஈ மொய்க்காம மூடிட்டு வா. பயப்படாத, நல்லா இல்லன்னு சொல்ல மாட்டேன். நல்லா இருக்குன்னும் சொல்ல மாட்டேன். இந்த வயசுல பொய் சொன்னா பல்லு ஆடுமாம். எனக்கு மிச்சம் இருக்கிறதே நாலு.

நேத்து ராத்திரி உன் புள்ளைக்குப் பொறந்த நாளுன்னு விளக்கை அணைச்சீங்க, மெழுகுவத்தியை ஏத்தினீங்க, ஏத்தின கையோட ஊதி அணைச்சீங்க. எனக்கும் ஒரு துண்டு வந்துச்சு. வாயில போட்டேன். மூக்கு ‘வெண்ணெய், வெண்ணெய்’னு கூவுது. நாக்கு ‘எங்கய்யா, எங்க?’ன்னு தேடுது. கடைசி வரைக்கும் ரெண்டும் ஒத்துப்போகல. முழுங்கின பிற்பாடும் மேலண்ணத்துல ஏதோ வழவழன்னு ஒட்டிக்கிட்டு நிக்குது. அவசரத்துல மெழுகுவத்தியையும் சேர்த்து வெட்டிட்டாங்களோன்னு கூட நெனைச்சேன்.

காலையில மாட்டுக்குத் தவிடு எடுக்கப் போனப்போ உன் குப்பைக்கூடையைப் பார்த்தேன். கெழவனுக்கு அங்க என்ன வேலைன்னு கேக்காத. போலீஸ்காரனும் தாத்தனும் எட்டிப் பார்க்காத எடம் கிடையாது. பேக்கரி மார்ஜரின் சுத்தி வந்த காயிதம் ஒண்ணு. பக்கத்துல சுண்டுவெரல் நீளத்துக்கு ஒரு சீசா, மேல ‘பட்டர் எசென்ஸு’.

கொல்லையில ரெண்டு கறவை நிக்குது. உங்க மாமியா கடைஞ்சு வெச்ச வெண்ணெய் ஃபிரிட்ஜுல கிண்ணத்துத் தண்ணியில மெதக்குது. கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சவங்களைப் பழமொழியில கேட்டிருக்கேன். நீ அதுக்கும் ஒரு படி மேல போயி, வெண்ணெயைக் கையில வெச்சுக்கிட்டு அதோட வாசனையை மட்டும் காசு குடுத்து வாங்கியிருக்க. உன்னைச் சொல்லிக் குத்தமில்ல, இந்த மண்ணு ராசி அப்புடி. நெய்வேலின்னு பேரிலயே நெய்யை வெச்சிருக்கிற சீமை, தோண்டினா வந்தது கரி. 1957-ல நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வெச்சதுலேர்ந்து கரியைப் பத்திப் பேசாத வூடு கிடையாது. நெய்யைப் பத்திப் பேச நம்ம வடக்குத்துக் கிராமத்துல ஒரு ஆளாவது வேணாமா? அதுக்குத்தான் என்னை எமன் விட்டு வெச்சிருக்கான்.

நீ டவுன்ஷிப்புல, வட்டத்துக்கு வட்டம் மரம் நட்ட ரோட்டுல சைக்கிள் ஓட்டி வளந்த பொண்ணு. ‘இந்தத் தாத்தாவுக்குக் கேக்கைப் பத்தி என்ன தெரியும்’னு உன் மூஞ்சியே சொல்லுது. கேக்கைப் பத்தி ஒண்ணும் தெரியாதும்மா. கொழுப்பைப் பத்தித் தெரியும். முப்பது வருசம் பால் சொசைட்டியில டெஸ்டரா இருந்தவன் நான். விடியக்காலம் கேனு வரிசையில நிக்கும். கண்ணாடிக் குழாயில 10 மில்லி கந்தக அமிலம், அது மேல 10.75 மில்லி பாலு, 1 மில்லி அமைல் ஆல்கஹால். மூடிக் குலுக்கினா குழாய் கையைச் சுடும். சுத்துற மெஷின்ல வெச்சு எடுத்தா பாலு முழுக்கக் கருத்துப்போயி, கொழுப்பு மட்டும் தனியா மேல வந்து மஞ்சளா நிக்கும். அது எத்தினி பாயின்ட்டுல நிக்குதோ அதுதான் அந்த வூட்டுக்கு அன்னைக்கி வரும்படி. பசும்பாலு மூணரை, நாலு. எருமைப்பாலு ஆறு, ஏழு. தண்ணி ஊத்தினவன் யாருன்னு குழாய் சொல்றதுக்கு முன்னாடி அவன் மூஞ்சியே சொல்லிடும், அது வேற கதை.

அந்தக் கணக்குல ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. நாலு பாயின்ட்டு பசும்பாலு 10 லிட்டரு இருந்தாலும் வெண்ணெய் அரைக்கிலோவைத் தாண்டாது. அதான் வெண்ணெய்க்கு அந்த வெலை. அந்த அரைக்கிலோவும் முழுக்கக் கொழுப்புன்னு நெனைச்சுக்காத. டேபிள் பட்டர்னு விக்கணும்னா 100-க்கு 80-ஆவது கொழுப்பு இருக்கணும், தண்ணி 16-க்கு மேல போகக் கூடாதுன்னு சட்டம் வெச்சிருக்காங்க. மிச்சம் துளியூண்டு பால்சத்து, உப்பு. நம்ம சுரங்கத்துக் கரியும் இப்புடித்தான். வெட்டி எடுக்கிறப்போ பாதிக்குப் பாதி தண்ணி. அதைக் காய வெச்சு, கட்டியாக்கி, சுட்டு, லெக்கோ கரின்னு ஒரு காலத்துல வித்தாங்க. உங்க மாமியா இந்த வூட்டுக்கு வந்த புதுசுல அடுப்புல அதுதான் எரிஞ்சுது. கரியில தண்ணி இருந்தா நமக்கு நட்டம். வெண்ணெயில தண்ணி இருந்தா லாபம். அடுப்புல அது ஆவியாகி, மாவைத் தூக்கி விட்டுட்டுத்தான் வெளிய போகும். பப்ஸுல ஏடு ஏடாப் பிரியுது பாரு, அந்த வேலையெல்லாம் ஏட்டுக்கு ஏடு தடவி மடிச்ச கொழுப்பும், இந்தத் தண்ணியும் சேர்ந்து பார்க்கிறது.

‘மார்ஜரின்லயும் அதே 80, அதே 16 தானே தாத்தா, நான் படிச்சேனே’ன்னு இழுக்கிற. படிச்ச புள்ளை இல்ல? சரிதான், கணக்கு ஒண்ணுதான். குணம் வேற. வெண்ணெய் 32, 35 டிகிரி சூட்டுல உருகிடும். நம்ம ஒடம்புச் சூடு 37. அதனால நாக்குல பட்டதும் கரைஞ்சு, ருசியைக் குடுத்துட்டு, எடத்தைக் காலி பண்ணிடும், மருவாதி தெரிஞ்ச விருந்தாளி மாதிரி. பேக்கரிக்குன்னு செய்யற மார்ஜரினும் டால்டாவும் வெயில்ல எளகாம நிக்கணும்னு செஞ்ச சரக்கு. வெயிலையே தாங்கினது உன் வாய்ச் சூட்டுக்கா மசியும்? அது வந்து ஒக்கார்ந்தா எழுந்திரிக்காது. உன் வூட்டுக்காரனோட பெரிய மாமன் ஆடிக்கி வந்துட்டு ஆவணி வரைக்கும் இருப்பாரே, அந்த ரகம்.

டால்டாவைத் திட்டுறேன்னு நெனைக்காத. 1937-லேர்ந்து இந்த நாட்டுல நெய்க்கு ஏங்கின ஏழைக்கு அது ஆறுதல். தென்னமரம் போட்ட அந்த மஞ்ச டப்பா காலியான பிற்பாடு எத்தினி வூட்டுல அரிசி அளந்துச்சு, எத்தினி வாசல்ல துளசி வளர்த்துச்சு. அதுல இருக்கிற டிரான்ஸ் கொழுப்பு நெஞ்சுக்கு ஆவாதுன்னு தெரிஞ்சு, 2022-லேர்ந்து நூத்துக்கு ரெண்டுக்கு மேல கூடாதுன்னு கட்டிப் போட்டுட்டாங்க. டீக்கடைக்காரனையும் நான் குத்தம் சொல்ல மாட்டேன். கண்ணாடி ஜாடியில இருக்கிற பட்டர் பிஸ்கட்டுல பல எடத்துல பேருதான் பட்டரு. அந்த வெலைக்கு அவன் நெசமா வெண்ணெய் போட்டா பொண்டாட்டி தாலியை அடகு வெக்கணும். அவனுக்கு நாயம் இருக்கு. வருசத்துக்கு நாலு கேக்கு சுடுற உனக்கு என்னா நாயம்?

இப்ப வாசனைக்கு வா. நீ சீசாவுல வாங்கினியே, அந்த வாசனைக்கு மொதலாளி டைஅசிட்டைல்னு ஒரு சரக்கு. பேரு பயமா இருக்கு, ஆனா அது தெனம் நம்ம ஒறையிலதான் பொறக்குது. ராத்திரி பாலைக் காய்ச்சி, வெதுவெதுன்னு ஆற விட்டு, ஒரு கரண்டி மோரை விட்டு மூடி வெச்சுட்டு நாம குறட்டை விடுறோம். அதுக்குள்ள இருக்கிற நுண்ணுயிருங்க தூங்கறதில்ல. பாலைப் புளிக்க வெக்கிறப்போவே அந்த வாசனையையும் செஞ்சு வெச்சிடுதுங்க. அந்தத் தயிரைக் கடைஞ்சு எடுக்கிற வெண்ணெய்க்கு எதுக்கும்மா எசென்ஸு? மல்லிப்பூவுக்கு சென்ட்டு அடிச்ச கதையா இருக்கு.

பிரான்ஸு, டென்மார்க்கு பக்கம் பாலேட்டைப் புளிக்க வெச்சு வெண்ணெய் எடுக்கிறது பழைய வழக்கம். அதை ‘கல்ச்சர்டு பட்டர்’னு அட்டையில அச்சடிச்சு, கூட வெலை வெச்சு விக்கிறாங்க. நம்ம ஆளுங்க அதைப் பெரிய கடையில வாங்கி, ‘ஆஹா, என்னா கல்ச்சரு’ங்கிறாங்க. இங்க உங்க மாமியா அதே கல்ச்சரைத்தான் காலையில அஞ்சு மணிக்கு, சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு, மத்துக் கயித்தை இழுத்துக்கிட்டுப் பண்ணிக்கிட்டிருக்கா. அவளை யாரும் கல்ச்சர்னு சொல்லல.

குரியன்னு ஒருத்தரு இருந்தாரு, அமுலை வளர்த்த மனுசன். அவரு பின்னால சொன்ன கதை ஒண்ணு இருக்கு. பம்பாயில அப்ப போல்சன் வெண்ணெய்தான் ராஜா. பழசான பாலேட்டுலேர்ந்து எடுத்து, உப்பைத் தூக்கலாப் போட்டது. ஜனங்க நாக்கு அதுக்குப் பழகிப்போச்சு. இவரு புதுப் பாலேட்டுல சுத்தபத்தமா வெண்ணெய் எடுத்து அனுப்பினா, ‘சப்புன்னு இருக்கு’ன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க. கடைசியில அவரும் உப்பைச் சேர்த்து, இந்த டைஅசிட்டைலையும் சேர்த்துத்தான் கரை ஏத்தினாரு. சுத்தமா இருந்தா மட்டும் போதாது, கொஞ்சம் புளிச்சிருக்கணும். மனுசனுக்கும் அப்புடித்தான். அதுக்குன்னு நான் ரொம்பப் புளிச்சுட்டேன்னு முணுமுணுக்காத, காது நல்லாவே கேக்குது.

புளிச்சதுக்கும் ஊசிப்போனதுக்கும் வித்தியாசம் இருக்கு. பதினஞ்சு நாளு பாலாடையை டப்பாவுல சேர்த்து வெச்சு, பொறவு மிக்ஸியில அடிக்கிறீங்க பாரு, அந்த வெண்ணெய் கேக்குக்கு ஆவாது. ஒரு மாதிரி சிக்கு வாடை அடிக்கும், அடுப்புல வெச்சா இன்னும் தூக்கலா வரும். நாலு நாள் ஆடையை ஒறை ஊத்திக் கடை. திரண்டு வந்ததும் குளிர்ந்த தண்ணியில மூணு தரம் அலசு. மொதத் தண்ணி வெள்ளையாப் போகும், ரெண்டாவது கலங்கலாப் போகும், மூணாவது தெளிவாப் போகணும். உள்ள மோரு தங்கினா அந்த வெண்ணெய்க்கு ஆயுசு கம்மி. அலசினதை அப்புடியே மாவுல போட்டுடாத. கடை வெண்ணெய் மாதிரி இதுல தண்ணிக்கு அளவு கிடையாது. உள்ளங்கையை நனைச்சுக்கிட்டு, தட்டுல வெச்சு அமுக்கிப் பெசை. பொட்டுப் பொட்டா தண்ணி வேர்த்துக்கிட்டு வெளிய வரும், அதை வடிச்சு விடு. இது தெரியாமத்தான் ‘வூட்டு வெண்ணெய் போட்டா கேக்கு சொதசொதன்னு ஆயிடுது’ன்னு போன தீவாளிக்கிப் பழி போட்ட. பழி மாட்டு மேல, தப்பு உன் கை மேல. கடையையும் வேணாம்னு சொல்லல. ஊத்துக்குளி வெண்ணெய் கெடைச்சா வாங்கு. ஆவின்ல வாங்கினா உப்புப் போடாத சமையல் வெண்ணெயைக் கேட்டு வாங்கு. உப்பு போட்டதுதான் கெடைச்சுதுன்னா, மாவுல மறுபடி உப்பைக் கிள்ளிப் போடாத. உப்பே வேணாம்னும் நெனைக்காத. ஒரு சிட்டிகை உப்பு இல்லாத வெண்ணெய்க் கேக்கு, பாக்கு இல்லாத வெத்தலை.

அடுத்தது உன் அவசரம். மார்ஜரினை உருக்கி ஊத்திட்டல்ல? எனக்கு எப்புடித் தெரியும்னு பாக்காத. கேக்கு வெட்டினப்போ கத்தி நொந்துபோச்சு.

உருக்கி ஊத்தற கேக்கும் இருக்கு, அது வேற கணக்கு. வெண்ணெயும் சர்க்கரையும் அடிக்கச் சொன்ன கேக்குல உருக்கக் கூடாது. சர்க்கரை சும்மா இனிப்புக்கு மட்டும்னு நெனைச்சியா? அதுக்குப் பல்லு இருக்கு. கெட்டியா இருக்கிற வெண்ணெயை ஒவ்வொரு மணியும் கீறி, அந்தக் கீறல்ல காத்தைப் பொதைச்சு வெக்குது. பேக்கிங் பவுடரு புதுசா ஒரு குமிழி கூடப் போடாது. நீ அடிச்சு அடைச்சு வெச்ச குமிழியைத்தான் ஊதிப் பெருசாக்கும். வெண்ணெய் எண்ணெயாப் போச்சுன்னா கீறல் ஏது, காத்து ஏது? நம்ம ஊரு கடைச் சர்க்கரை கல்லு கல்லா இருக்கும். மிக்ஸியில ரெண்டே சுத்து விட்டு எடு, மாவாக்கிடாத. ரவை பதம். மாவாயிட்டா பல்லு போயிடும், என் கதைதான்.

வெண்ணெய் பதம் என்னான்னா, வெரலால அமுக்கினா பள்ளம் விழணும், வெரல் முழுகக் கூடாது. அமுக்கின எடம் பளபளன்னு எண்ணெய் கோத்துக்கக் கூடாது. 20 டிகிரிக்குப் பக்கத்துல இருக்கணும்னு புஸ்தகத்துல போட்டிருக்கும், ‘அறைச் சூட்டுல வையுங்க’ன்னு. யாரு வூட்டு அறை அது? அந்தப் புஸ்தகம் எழுதினவன் குளிர் ஊர்க்காரன். இங்க கத்திரி வெயில்ல 40-ஐத் தாண்டறப்போ அறைச் சூட்டுல வெண்ணெயை வெச்சா, அது நடந்து ஆர்ச் கேட்டு வரைக்கும் போயிடும். அதனால ஃபிரிட்ஜுலேர்ந்து எடுத்து, துண்டு போட்டு, கால் மணி நேரம் போதும். அடிக்கிற பாத்திரத்தைப் பானைத் தண்ணி ஊத்தின தாம்பாளத்துல வெச்சுக்கிட்டு அடி. இன்னும் சுளுவு வேணும்னா உங்க மாமியாளைப் பாரு. அவ மத்தியானத்துல தயிர் கடைஞ்சு என்னைக்காவது பார்த்திருக்கியா? வெடியக்காலக் குளிர்லதான் வெண்ணெய் திரளும். அது அவளுக்குக் கைவந்தது, நீ அதைக் கேக்குக்கு எடுத்துக்க.

எம்பேரன் ஷிப்டு முடிஞ்சு வந்ததும், ‘குடு, நான் அடிக்கிறேன்’னு சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு நின்னான். வெண்ணெய் வெட்டிச் சிப்பாயி! ரெண்டு நிமிசம் அடிச்சான், கை வலிக்குதுன்னு போனைத் தேடிப் போயிட்டான். எட்டு, பத்து நிமிசம் ஆவும்மா. மஞ்சளா இருந்தது வெளுத்து, கனமா இருந்தது பொசுபொசுன்னு ஆவணும். பொறவு முட்டையை ஒண்ணொண்ணா விடு. ஃபிரிட்ஜுலேர்ந்து எடுத்த கையோட விட்டா வெண்ணெய் வெறைச்சு, எல்லாம் திரிஞ்ச பால் மாதிரி ஆயிடும். அப்புடி ஆனாலும் அழுவாத. ஒரு கரண்டி மைதாவைத் தூவி அடி, சேர்ந்து வந்துடும். வெண்ணெய் திரண்டு வரப்போ தாழியை ஒடைச்சவ மாதிரி எல்லாத்தையும் கொட்டிட்டு எழுந்து போறது உனக்குப் பழக்கமாப் போச்சு.

இந்த ஓடிஜிக்கும் ஒரு வார்த்தை. 180 டிகிரி வெச்சுப் பத்து, பதினஞ்சு நிமிசம் சூடு ஏறினாப் போதும். நேத்து நீ முக்கா மணி நேரம் வெறும் பொட்டியை எரிய விட்ட. பக்கத்துல வடலூர் தருமசாலை அடுப்பு 1867-லேர்ந்து அணையாம எரியுது. அது பசிச்சு வந்தவங்களுக்குச் சோறு போட. உன் பொட்டி யாருக்காக எரிஞ்சுது? மாடி மேல நின்னா தெரியற, கரியை எரிச்சுக் கரண்டு எடுக்கிற புகைக்கூண்டைப் பார்த்தாவது கரண்டு மேல ஒரு எரக்கம் வரணும்.

எல்லாத்துலயும் வெண்ணெயைத் திணிக்கச் சொல்றேன்னும் நெனைக்காத. தூத்துக்குடி மக்ரூன்ல வெண்ணெய் ஒரு துளி கிடையாது. முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, அவ்வளவுதான். அதுல வெண்ணெய் பட்டா நுரையே நிக்காது. நெய் பிஸ்கட்டுக்கும் வெண்ணெய் வேணாம், நெய்யேதான் வேணும். நெய்யில தண்ணி இல்ல, அதனால மாவு பசை பிடிக்காம மணல் மணலா உதிரும். அந்த உதிர்ற அழகுக்காகத்தான் அந்த பிஸ்கட்டே. வெண்ணெய் போடச் சொன்ன எடத்துல நெய் போட்டுத்தான் ஆவணும்னா, 100 கிராமுக்கு 80 கிராம் போட்டு, மிச்சத்துக்குப் பாலு ஊத்திக்க.

இப்ப கிட்ட வா, ஒரு ரகசியம் சொல்றேன்.

எம்பொண்டாட்டி, உங்க ஆயா, நெய் உருக்கறப்போ நான் அடுப்பங்கரை வாசப்படியை விட்டு நகர மாட்டேன். அடி கனமான வெண்கலச் சட்டி. வெண்ணெயைப் போட்டதும் மொதல்ல முணுமுணுப்பா. பொறவு சடசடன்னு ஒரே சண்டை, அது தண்ணி வெளிய போற சத்தம். மேல வெள்ளையா நுரை கட்டும். அவ அடுப்பைக் கொறைச்சுட்டுக் கரண்டியால அடியைச் சுரண்டிக்கிட்டே இருப்பா. ஒரு கட்டத்துல சத்தம் டக்குனு அடங்கும். தண்ணி தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம். அப்பத்தான் காதை வுட்டுட்டு மூக்கைத் தீட்டணும். அடியில தங்கின பால்சத்து செவந்து, பண்ணுருட்டி முந்திரியை மணல்ல வறுத்தா வருமே, அந்த வாசனை கெளம்பும். முருங்கைக்கீரை ஒரு கொத்தைப் போடுவா, அது மொறுமொறுன்னு ஆனதும் எறக்கிடுவா. நெய்யை வடிகட்டி ஜாடியில ஊத்திட்டு, அடியில தங்கின கசண்டுல சுடுசோத்தைப் போட்டுப் பெரட்டி எனக்குக் குடுப்பா. புள்ளைங்களுக்கு அதுலயே சர்க்கரை. ஜாடி நெய் விருந்தாளிக்கு, கசண்டு வூட்டாளுக்கு. யாரு கெட்டிக்காரன்னு இப்ப சொல்லு.

அந்தக் கசண்டைத்தான் உன் போன்ல ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு ‘பிரவுன் பட்டர்’னு, ஏதோ தங்கச் சுரங்கம் கண்டுபிடிச்ச மாதிரி கண்ணை உருட்டி உருட்டிக் காட்டினா. பிரான்ஸுக்காரங்க அந்த ஊரு கொட்டை ஒண்ணோட பேரை வெச்சு அதைக் கூப்பிடறாங்களாமே, அந்தச் செவப்பும் அந்த வாசனையும் இருக்கிறதால. நாம முந்திரி வெண்ணெய்னு கூப்பிட்டுக்குவோம், யாரு கேக்கப் போறா? பாலுல இருக்கிற இனிப்பும் புரதமும் சூட்டுல சேர்ந்து செவக்கிற வாசனை அது. தோசை முறுகறதும், பாலைச் சுண்டக் காய்ச்சினா நெறம் மாறறதும் அந்த வம்சந்தான். இதுல சூட்சுமம் என்னான்னா, அவங்க வடிகட்டறதில்ல. நாம ருசியைச் சட்டியில விட்டுட்டு நெய்யை ஜாடிக்கி அனுப்புறோம். அவங்க கசண்டோட சேர்த்து மாவுல கொட்டுறாங்க. இந்த ஒரு விசயத்துல மட்டும் வெள்ளைக்காரனுக்கு நான் நூத்துக்கு நூறு போடுவேன்.

சரி, பேசினா நாளு போயிடும். எழுந்திரு, அடுப்பைப் பத்த வை. பால் காய்ச்சற சட்டி வேணாம், உள்ள வெளுப்பா இருக்கிற எவர்சில்வரை எடு, நெறம் தெரியணும். 125 கிராம் வெண்ணெயைத் துண்டு போட்டுப் போடு. சின்னத் தீ. கிண்டு. போனைக் கீழ வை.

கேக்குதா சண்டை? விடாம சுரண்டு. நுரையை ஒதுக்கிட்டு உள்ள பாரு. இப்ப வைக்கோல் நெறம். இன்னும் கொஞ்சம். ம்... சத்தம் அடங்குது பாரு. இப்ப மூச்சை இழு. அதேதான்! எறக்கு, எறக்கு! சட்டியிலயே விடாத, சட்டிச் சூட்டுல மேல மேல கருகிடும். வேற கிண்ணத்துல கசண்டோட கொட்டு. செவப்புக்கும் கருப்புக்கும் நடுவுல அரை நிமிசந்தான்.

125 போட்டதுல இப்ப 100 சொச்சம்தான் இருக்கும், போனது தண்ணி. கேக்குல அடிக்கிறப்போ ஒரு பெரிய கரண்டி பாலைச் சேர்த்து ஈடு கட்டிக்க. இப்பவே அடிக்காத. கிண்ணத்தை ஃபிரிட்ஜுல வெச்சு அப்பப்போ கெளறி விடு, இல்லன்னா கசண்டு அடியில போயிப் படுத்துக்கும். பழைய பதத்துக்கு, வெரல் அமுக்கினாப் பள்ளம் விழற பதத்துக்கு வந்த பிற்பாடு சர்க்கரையைக் கொட்டு. மைதாவுல நாலுல ஒரு பங்கைக் கொறைச்சுக்கிட்டு, ஒடைஞ்ச முந்திரியைப் பொடிச்சுப் போடு. முழுப் பருப்பு எதுக்கு? கேக்குக்கு ஒடைஞ்சதும் ஒண்ணுதான், வெலையும் எறங்கும். ஏலக்காய் போடலாமான்னு கேட்டா, வேணாம்பேன். வெண்ணெய் பேசறப்போ வேற யாரும் குறுக்க பேசக் கூடாது. அந்த சீசாவை எம்பேரன் பைக்கு வாசனைக்கி வெச்சுக்கட்டும்.

சாயங்காலம் புள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து தின்னுட்டு என்ன சொல்றான்னு பாரு. அவன் பொய் சொல்ல மாட்டான், அவனுக்கும் பல்லு விழுந்துக்கிட்டுதான் இருக்கு.

ஏம்மா, அந்தச் சட்டியை எங்க எடுத்துக்கிட்டுப் போற? தொட்டியில போடாத. ஓரத்துல கசண்டு ஒட்டியிருக்கு பாரு. குடு இங்க, அப்புடியே சர்க்கரை டப்பாவையும் எடுத்துக் குடு. டாக்டர்கிட்ட மட்டும் சொல்லாத.